கேர்னல் மாற்றமும் எழும்ப மறுக்கும் கணினியும்: ஒரு வரலாற்று நோக்கு

லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையைக் கையாள்வோர் பலரும் ஒரு நாளேனும் சந்தித்த இடர் ஒன்றுண்டு. முதல்நாள் மாலைவரை குறைவின்றி இயங்கிய கணினி, அதன் கேர்னல் புதுப்பிக்கப்பட்ட பின்னர் மறுநாட் காலை எழும்ப மறுக்கின்றது. கறுத்த திரையில் வெள்ளை எழுத்துக்கள் சில ஓடி நிற்கின்றன. சிலவேளை அவையும் இல்லை. இவ்விடர் பற்றிக் கைநூல்கள் கூறுவன, இன்ன கட்டளையை இடுக என்னும் அளவில் நின்றுவிடுகின்றன. இது ஏன் நேர்கின்றது, முப்பதாண்டுகளுக்கு மேலாகியும் ஏன் ஒழியவில்லை என்னும் வினாக்களுக்கு விடை காண வரலாற்றையே நாடவேண்டியுள்ளது. அவ்வரலாற்றைத் தொடர்ந்து நோக்குவார்க்கு ஓருண்மை புலனாகும். பெரும்பாலான சந்தர்ப்பங்களிற் குற்றம் புதிய கேர்னலில் இல்லை. அதனோடு சேர்ந்து மாறியிருக்கவேண்டிய துணைகள் மாறாது நின்றமையே குற்றமாகும். அத்துணைகள் எவை, எத்தேவை கருதி எக்காலத்தில் வந்து சேர்ந்தன, அவை ஒத்துழைக்க மறுக்கும்போது எத்தகைய அடையாளங்களை விட்டுச்செல்கின்றன என்பனவே இக்கட்டுரையின் பொருள்.

கேர்னல் என்ற ஆங்கிலச் சொல் கொட்டையினுள் இருக்கும் பருப்பைக் குறிப்பது. தமிழில் அதனைக் கரு என்றும் கருனி என்றும் பெயர்த்துள்ளனர். ஆய்வுகூடங்களில் வாய்மொழியாக வழங்குவது கேர்னல் என்பதே ஆதலின் ஈண்டும் அதுவே கொள்ளப்பட்டது. நினைவகம், வன்தட்டு, விசைப்பலகை முதலிய உறுப்புக்களுக்கும் நாம் பயன்படுத்தும் செய்நிரல்களுக்கும் இடையே நின்று அனைத்தையும் பங்கிட்டு நடத்துவது அதுவே. வன்தட்டிலிருந்து கோப்புக்களைப் படித்துத் தருவதும் அதன் தொழில்களுள் ஒன்று. ஆனால், அதுவோ வன்தட்டிலேயே ஒரு கோப்பாகக் கிடக்கின்றது. படித்துத் தருபவனை முதலிற் படித்தெடுப்பது யார்? இப்புதிரையே, காலணியின் வாரைப் பற்றித் தன்னைத் தானே தூக்கிக்கொள்ளுதல் என்னும் உவமையால் 'பூட்ஸ்ட்ராப்' என வழங்கினர்; பூட் என்பது அதன் குறுக்கம். 1970களில் பீ.டீ.பீ.-11 போன்ற கணினிகளின் முகப்பில் வரிசையாக ஆளிகள் இருந்தன. அவற்றை மேலும் கீழும் தள்ளி முதற் கட்டளைகளை மனிதரே நினைவகத்தில் இடுதல் அன்று கூடுவதாயிருந்தது. 1969இல் பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோரின் முயற்சியாற் கால்கொண்ட யுனிக்ஸ் மரபு இத்தகைய கணினிகளிலேயே வளர்ந்தது. புதிய கேர்னலை நிறுவும்போது பழையதை அழியாது வேறொரு பெயரில் ஒதுக்கிவைக்கும் வழக்கமும் அம்மரபுக்கு உரியதே. அதன் வழித்தோன்றலாகிய பிரீ பீ.எஸ்.டீ. இன்றும் பழையதைக் 'கேர்னல்.ஓல்ட்' என்ற பெயரில் தானாகவே காத்துவைக்கின்றது.

லினக்சின் தொடக்கம் எளியது. ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்ட் 25ஆம் நாள் தம் முயற்சியை வெளிப்படுத்தி, செப்டெம்பரில் 0.01 என்னும் பதிப்பை வெளியிட்டார். ஆரம்பகாலக் கேர்னல் ஒரு நெகிழ்வட்டினுள் அடங்கியது. கணினியின் அடிப்படை நிரலாகிய பயோஸ் அவ்வட்டின் முதற் பகுதியைப் படித்தவுடன், கேர்னல் தன்னைத் தானே ஏற்றிக்கொண்டது. மூலக் கோப்புத்தொகுதி எந்த வட்டில் உள்ளது என்னும் செய்தியும் கேர்னற் கோப்பினுள்ளேயே ஓர் எண்ணாகப் பொறிக்கப்பட்டிருந்தது. ஆகவே ஒத்துப்போகவேண்டியோர் இருவரே: கேர்னலும் வட்டும். புதிய கேர்னல் எழும்பாவிடிற் பழைய நெகிழ்வட்டைச் செருகினாற் போதும். இத்துணை எளிய பரிகாரம் பின்னர் வாய்க்கவில்லை. நெகிழ்வட்டிலிருந்து நேரே எழும்பும் அவ்வாற்றல் 2003 டிசெம்பரில் வெளிவந்த 2.6 பதிப்போடு கைவிடப்பட்டது.

வன்தட்டிலிருந்தே எழும்பவேண்டும் என்ற தேவை பிறந்தபோது மூன்றாமவர் ஒருவர் வந்து சேர்ந்தார். வேர்னர் அல்மெஸ்பெர்கர் 1992இல் எழுதிய 'லிலோ' என்னும் ஏற்றியே அது. இதன் செயன்முறை சற்று விரித்துரைக்கத் தக்கது. ஏனெனில் இவ்விடரின் முழு இயல்பும் இதில் அடங்கியுள்ளது. லிலோவுக்குக் கோப்பு, அடைவு, பெயர் என்பன பற்றிய அறிவு கிடையாது. கேர்னற் கோப்பு வன்தட்டின் எவ்வெவ் இடங்களிற் கிடக்கின்றது என்னும் எண்களை முன்கூட்டியே ஒரு வரைபடக் கோப்பிற் குறித்துவைத்து, மறுமுறை எழும்பும்போது அவ்வெண்களைப் பின்பற்றி ஏற்றும். புதிய கேர்னலை அதே பெயரிற் பழையதன் இடத்தில் வைத்தால், பெயர் ஒன்றாயினும் தட்டில் அது கிடக்கும் இடம் வேறு. லிலோவை மீண்டும் ஒருமுறை இயக்கிப் புதிய எண்களைக் குறிக்கச் செய்யாதுவிடின், அது பழைய இடத்தையே தேடிச் செல்லும். அங்கே பழைய கேர்னலின் எச்சம் இன்னும் அழியாதிருந்தால் அதுவே எழும்பி, புதியதை நிறுவியும் பழையது வந்ததேன் என்று உரியவரை மயங்கவைக்கும். அவ்விடத்தில் வேறு கோப்பு எழுதப்பட்டிருந்தாற் கணினி நின்றுவிடும். முகவரி மாறி வீடு சென்றவருக்குப் பழைய வீட்டுக் கதவைத் தட்டும் தபாற்காரனின் நிலை இதுவாகும்.

ஆயினும் லிலோ ஒரு நன்மையைச் செய்தது. தான் எந்தப் படி வரை வந்தது என்பதைத் தன் பெயரின் நான்கு எழுத்துக்களாலேயே உணர்த்தியது. திரையில் 'எல்' மட்டும் தோன்றி நின்றால் முதற் படி மட்டும் ஏறியது, 'எல்.ஐ.' எனில் இரண்டாம் படியை ஏற்றியும் இயக்க இயலவில்லை, 'எல்.ஐ.எல்.' எனில் இரண்டாம் படி இயங்கியும் வரைபடக் கோப்பிலிருந்து வேண்டிய அட்டவணையைப் பெற முடியவில்லை; நான்கெழுத்தும் தோன்றின் ஏற்றியின் படிகள் முற்றும் நிறைவுற்றன. நோயாளியின் நாடியைப் போன்று இவ்வெழுத்துக்கள் வாசிக்கத்தக்கனவாக இருந்தன. பிற்கால ஏற்றிகள் இதனிலும் ஆற்றல் மிக்கன; ஆனால் இத்துணைச் சுருக்கமாகத் தம் குறையைச் சொன்னவை அவற்றுள் இல்லை என்பது எம் கருத்து.

அக்காலத்தில் வேறொரு தடையும் இருந்தது. பழைய பயோஸ் நிரல்கள் வன்தட்டின் முதல் 1024 உருளைகளுக்கு அப்பாற் படிக்க இயலாதவை. தட்டைக் கணக்கிடும் முறைக்கேற்ப இவ்வெல்லை ஏறத்தாழ 528 மெகாபைற்றாகவோ 8.4 கிகாபைற்றாகவோ அமைந்தது. எல்லைக்குட்பட்ட பகுதியிற் பழைய கேர்னல் கிடந்தவரை கணினி ஒழுங்காக எழும்பும். புதிய கேர்னல் எல்லைக்கு அப்பால் எழுதப்பட நேரின், அதே கணினியில், அதே தட்டில், அதே ஏற்றியில் அது எட்டாப் பொருளாகிவிடும். இதற்குப் பரிகாரமாகத் தட்டின் தொடக்கத்திற் 'பூட்' என்னும் சிறு பிரிவொன்றை ஒதுக்கி, கேர்னல்களை அதனுள் மட்டுமே வைக்கும் வழக்கம் பரவிற்று. இச்சிறு பிரிவைப் பற்றிப் பின்னருங் கூறவேண்டியிருக்கும்.

1995இல் எரிக் போலின் தொடங்கிய 'கிரப்' என்னும் ஏற்றி, கோப்புத்தொகுதிகளைத் தானே படிக்க வல்லதாய் அமைந்தது. எண்களைக் குறித்துவைக்கும் தேவை அதனால் நீங்கியது. எனினும் பெயரை நம்பும் ஏற்றிக்குப் பெயராலேயே இடர் வந்தது. பட்டியலில் எழுதிய பெயரும் தட்டிலுள்ள கோப்பின் பெயரும் ஓரெழுத்து வேறுபடினும், கோப்பைக் காணவில்லை என்னும் 15ஆம் இலக்கப் பிழை தோன்றும். 2012இல் 2.00 பதிப்பை எட்டிய புதிய கிரப், பட்டியலைத் தானே தயாரித்துக்கொள்வதால் இத்தகைய எழுத்துப்பிழைகள் இன்று அரிது.

நான்காவதாக வந்த துணையே இன்றும் மிகுதியான இடரை விளைப்பது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் வன்தட்டுக் கட்டுப்படுத்திகளின் வகைகள் பெருகின. அவை அனைத்துக்குமுரிய சாதன இயக்கிகளைக் கேர்னலுக்குள் வைத்துக் கட்டினால் அது பருத்துவிடும். எனவே இயக்கிகளைத் தனித்தனி மொடியூல்களாகப் பிரித்து வன்தட்டில் வைத்தனர். அங்கேதான் சிக்கல் எழுந்தது. வன்தட்டைப் படிக்கவேண்டிய இயக்கியே வன்தட்டில் இருக்குமாயின், பெட்டியின் திறப்பைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது போலாகும். இதற்குத் தீர்வாக, வேண்டிய இயக்கிகளை மட்டும் கொண்ட சிறு கோப்புத்தொகுதி ஒன்றைக் கேர்னலோடு சேர்த்தே நினைவகத்தில் ஏற்றும் முறை வகுக்கப்பட்டது. 'இனிட்ஆர்.டீ.' என அறியப்பட்ட இது, 2.6 காலத்தில் 'இனிட்ராம்எவ்எஸ்' என்ற வடிவம் பெற்றது. கேர்னல் முதலில் இத்தற்காலிகத் தொகுதியிற் காலூன்றி, இயக்கியைப் பெற்று, மெய்யான தட்டைத் திறந்து, அதற்கு மாறிச் செல்கின்றது.

இம்முறையின் உயிர்நாடி ஒத்த பதிப்பு என்பதாகும். ஒரு கேர்னலுக்கென ஆக்கிய மொடியூல்கள் பிறிதொரு கேர்னலுக்குப் பொதுவாகப் பொருந்தா. புதிய கேர்னலுக்குரிய இனிட்ராம்எவ்எஸ் ஆக்கப்படாமலோ அரைகுறையாக ஆக்கப்பட்டோ இருந்தால், மூலக் கோப்புத்தொகுதியை ஏற்ற இயலவில்லை என்று அறிவித்துக் கேர்னல் தன் இயக்கத்தை நிறுத்தும். இதனையே கேர்னற் பீதி என்பர். அவ்வறிவிப்பின் இறுதியில் அடைப்புக்குள் இரண்டு எண்கள் வரும். பலர் இவற்றை வாசிப்பதில்லை. ஆயின் நோயின் மூலம் அங்கேயே உள்ளது. (0,0) எனின், கேர்னல் சுட்டப்பட்ட தட்டையே அறியவில்லை. இனிட்ராம்எவ்எஸ் இல்லை, அல்லது இயக்கி இல்லை, அல்லது பெயர் பிழை என்று கொள்ளலாம். (8,1) போன்று எண்கள் அமையின் தட்டு அறியப்பட்டுவிட்டது. அதிலுள்ள கோப்புத்தொகுதியின் வகையைப் படிக்கும் திறனே கேர்னலுக்கு இல்லை. தாமே கேர்னலைத் தொகுத்துக்கொள்ளும் மாணவர், தம் தட்டின் கோப்புத்தொகுதிக்குரிய பகுதியைச் சேர்க்க மறந்தால் நேர்வது இவ்விரண்டாவதே.

மூலத்தட்டின் பெயரும் ஒரு துணையே. பழைய முறையில் ஐ.டீ.ஈ. தட்டுக்கள் 'எச்.டீ.ஏ.' என்றும் ஸ்கசி தட்டுக்கள் 'எஸ்.டீ.ஏ.' என்றும் பெயர்பெற்றிருந்தன. 2006, 2007ஆம் ஆண்டுகளிற் புதிய இயக்கித் தொகுதி நடைமுறைக்கு வந்தபோது ஐ.டீ.ஈ. தட்டுக்களும் இரண்டாம் பெயருக்கு மாறின. தட்டு அசையவில்லை, கம்பி கழலவில்லை. பெயர் மட்டும் மாறியது. பழைய பெயரை அமைப்புக் கோப்புக்களில் எழுதிவைத்திருந்த கணினிகள் தம் தட்டைக் காணாது நின்றன. அன்று முதல், பெயருக்குப் பதிலாகக் கோப்புத்தொகுதிக்கென்று உருவாக்கப்படும் நீண்ட தனி அடையாள எண்ணைக் கொண்டு சுட்டும் வழக்கம் பரவியது.

முன்னர்ச் சொன்ன சிறு பிரிவுக்கு இனி வருவோம். 1024 உருளைத் தடை நீங்கிப் பல்லாண்டு கழிந்த பின்னரும், மறைகுறியாக்கப்பட்ட தட்டுக்கள் முதலிய வேறு காரணங்களால் அப்பிரிவு நிலைத்துவிட்டது. ஆனால் அதன் அளவு சிறிதே. ஒவ்வொரு புதுப்பிப்பும் ஒரு கேர்னலையும் ஓர் இனிட்ராம்எவ்எஸ்ஸையும் அதனுள் வைத்துச் செல்லும். பழையன நீக்கப்படாதவிடத்து ஒருநாள் அது நிரம்பிவிடும். புதிய இனிட்ராம்எவ்எஸ் பாதியில் நின்றுபோகும். உபுண்டு பயன்படுத்துவோரிடையே 2010களில் இது மிகப் பரவலான முறைப்பாடாயிற்று. எழும்பாத கணினியைக் காப்பதற்கென 1990களிற் கண்ட பரிகாரம், இருபதாண்டின் பின் கணினி எழும்பாமைக்குக் காரணமானது வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

இறுதியாக வந்தது கையொப்பம். 2012இல் விண்டோஸ் 8 உடன் விற்பனைக்கு வந்த கணினிகளில், நம்பகமான கையொப்பமில்லாத ஏற்றியையும் கேர்னலையும் தடுக்கும் பாதுகாப்பு முறை பரவிற்று. தாமே தொகுத்த கேர்னலைக் கையொப்பமிடாது நிறுவுவோர் இதனால் வாயிலிலேயே தடுக்கப்படுகின்றனர். பாதுகாப்புக்கான திருத்தமே இடராய் முடிந்ததும் உண்டு. 2020 ஜூலையிற் கிரப்பில் வெளிப்பட்ட குறையைத் திருத்த ரெட் ஹற் நிறுவனம் வழங்கிய புதுப்பிப்பால் அதன் பயனர் பலரின் சேவையகங்கள் எழும்பாதொழிந்தன. 2024 ஆகஸ்டில் மைக்ரோசொப்டின் விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்று, அதே கணினியில் அருகிருந்த லினக்சைத் தொடங்கவிடாது தடுத்தது.

இவ்வளவு துணைகளும் ஒருங்கே பொருந்துவது அரிது என்பதை உணர்ந்தே, பழைய கேர்னலைக் காத்துவைக்கும் விதியைப் பெரும்பாலான வெளியீடுகள் ஏற்றுக்கொண்டன. பெடோரா இயல்பாக மூன்று கேர்னல்களை வைத்திருக்கின்றது. புதியது நின்று காட்டும்வரை பழையதை அகற்றலாகாது என்னும் இவ்விதியைத் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணி மக்களுக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. அங்கு பழைய பாலத்துக்குப் பதிலாகப் புதியது அமைக்கும் பணி நடைபெற்ற காலத்திற் கடனீரேரியைக் கடக்க மிதக்கும் படகுப் பாதையே துணையாயிருந்தது. 2021 நவம்பர் 23ஆம் நாட் காலை அது கவிழ்ந்து, பாடசாலைப் பிள்ளைகள் உட்பட ஆறு பேருக்குக் குறையாதோர் உயிரிழந்தனர். இயந்திரம் ஒன்று நின்றுபோவதை அத்துயரோடு ஒப்பிடுதல் முறையன்று. அதனை இங்கு ஒப்பிடவும் இல்லை. மாற்றத்தின் இடைக்காலத்தை எவ்வாறு கடப்பது என்ற வினா பொறியியலின் பின்னிணைப்பன்று, அதன் தலையாய பகுதி என்பதற்கு அந்நிகழ்ச்சியினும் வலிய சான்று இந்நாட்டில் அண்மையில் இல்லை.

சேவையகங்களைப் பொறுத்தவரை இவ்வினா மேலும் கூர்மையாகின்றது. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கிண்ணியாக் கரையையும் அழித்துச்சென்ற பின்னர், காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவதற்கு இலங்கை நிரலாளர் ஆக்கிய 'சஹானா' என்னும் கட்டற்ற மென்பொருள், 2006ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகநல விருதைப் பெற்றது. இத்தகைய பதிவுகளைத் தாங்கும் சேவையகம் எங்கோ பூட்டிய அறையில் இருக்கும். அது எழும்பாவிடின் முன்னின்று விசையை அழுத்த ஆளில்லை. இதற்கென லிலோவிலேயே ஓர் ஏற்பாடு இருந்தது. புதிய கேர்னலை ஒரேயொரு முறை மட்டும் முயன்றுபார்க்குமாறு பணித்து, அடுத்தமுறை பழையதே வரச் செய்யலாம். கிரப்பிலும் இவ்வாய்ப்பு உண்டு. மிக எளிய இவ்வேற்பாட்டைப் பயன்படுத்துவோர் மிகச் சிலரே என்பது வியப்புக்குரியது.

எழும்பாத கணினியின் முன் அமர்ந்திருப்பவர் செய்யவேண்டுவது மேற்கூறிய வரலாற்றை முறையாகப் பின்தொடர்தலே. கிரப்பின் பட்டியல் மறைந்திருப்பின், தொடங்கும்போது ஷிப்ட் விசையையோ எஸ்கேப் விசையையோ அழுத்தி அதனை வருவிக்கலாம். பட்டியலே வராவிடிற் குறை ஏற்றியில் உள்ளது. கேர்னலை நோவதிற் பயனில்லை. பட்டியலின் மேலதிகத் தெரிவுகளிற் பழைய கேர்னலைத் தேர்ந்து, அது எழும்பினால், தட்டும் நினைவகமும் பெரும்பாலும் நலமாயுள்ளன என்பது ஒரே கணத்தில் தெளிவாகும். அதன்பின் பூட் பிரிவில் இடமுண்டா என்று பார்த்து, புதிய கேர்னலுக்குரிய இனிட்ராம்எவ்எஸ்ஸை மீண்டும் ஆக்கி, வெளியாரிடமிருந்து பெற்ற வரைகலை அட்டை இயக்கி முதலியன புதியதற்கும் தொகுக்கப்பட்டனவா என நோக்கவேண்டும். முந்திய தொடக்கத்தின் பதிவேடும் வாசிக்கத்தக்கது. அது வெறுமையாயின், மூலத்தட்டு திறக்கப்படுமுன்னரே கணினி நின்றதென ஊகிக்கலாம். எந்தக் கேர்னலும் எழும்பாதவிடத்து, யூ.எஸ்.பீ. கோலிலிருந்து வேறொரு லினக்சை எழுப்பி, நோயுற்ற தட்டை அதனுள் இணைத்து, 'சீஎச்ரூட்' என்னும் பழைய யுனிக்ஸ் கட்டளையால் அதனுட் புகுந்து இதே பணிகளைச் செய்யலாம். முழுவதையும் அழித்துப் புதிதாக நிறுவுக என்னும் அறிவுரை நம்மிடையே மலிந்துள்ளது. அது எளிது, ஆனால் என்ன நேர்ந்ததென்று அறியும் வாய்ப்பையும் சேர்த்தே அழித்துவிடுகின்றது.

அடையாளங்களை வாசிப்பதற்கு முதலில் அவை கண்ணிற் படவேண்டும். 2008இற் பெடோரா 10 உடன் வந்த 'பிளைமவுத்' போன்ற நிரல்கள், ஓடும் எழுத்துக்களை அழகிய படத்தின் பின் மறைத்தன. ஏற்றியின் கட்டளை வரியிலுள்ள 'குவயற்', 'ஸ்பிளாஷ்' என்னும் இரு சொற்களை நீக்கினால் அவை மீண்டுந் தோன்றும். அவ்வாறு தோன்றுவனவோ முற்றிலும் ஆங்கிலம். 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திற் தன்னார்வத் தமிழர் கே.டீ.ஈ. மேசைத்தளத்தைத் தமிழாக்கத் தொடங்கினர். 2007இற் சென்னை சீ-டாக் நிறுவனத்தின் 'பொஸ்' லினக்சும் இந்திய மொழிகளுக்கு இடமளித்து வெளிவந்தது. ஆயினும் இம்முயற்சிகள் யாவும் கணினி எழும்பிய பின்னரே பயன்படுவன. கேர்னலின் செய்திகளை மொழிபெயர்க்கும் வழக்கம் லினக்சில் இல்லை. மொழிபெயர்ப்பினும் காட்டுதல் அரிது. அதன் எழுத்துத்திரை அதிகபட்சம் 512 வடிவங்களைக் கட்டத்துக்கு ஒன்றாக அடுக்கும் முறையது. ஒலிக்கும்போது பின்னும் எழுதும்போது முன்னும் நிற்கும் கொம்பு போன்ற தமிழ்க் குறிகளை இடமாற்றி இணைக்கும் அறிவு அதற்குக் கிடையாது. இதனால், இயங்கும்போது தமிழ் பேசும் கணினி, இயங்காதபோது ஆங்கிலம் மட்டுமே பேசுகின்றது. தமிழ்மொழி மூலம் பயிலும் மாணவர்க்கு உதவி மிகத் தேவைப்படும் இடத்திலேயே அவர்தம் மொழி முடிந்துவிடுகின்றது.

2024இல் வெளிவந்த 6.10 பதிப்பு, வரைகலைத் திரையிலும் கேர்னற் பீதியை அறிவிக்கும் வசதியைத் தந்தது. அவ்வாண்டு நவம்பரின் 6.12 பதிப்பு, அவ்வறிவிப்பைக் கைப்பேசியாற் படிக்கத்தக்க சதுரக் குறியீடாகவும் காட்ட வழிசெய்தது. செய்தி கைப்பேசியை அடைந்துவிடின் எழுத்துத்திரையின் தடை அங்கில்லை. ஆங்கிலச் செய்தியை அவ்வாறே வைத்து, அதன்கீழ்த் தமிழ் விளக்கம் தரும் ஏற்பாடொன்றை மாணவர் சிலர் கூடியே செய்துவிடலாம். அடிக்கடி நேரும் செய்திகள் இருபதுக்கு மேற்போகா. அவற்றுள் (0,0) என்பதும் (8,1) என்பதும் மேலே விளக்கப்பட்டன.